ஒரே சட்டம், இரண்டு முடிவுகள்: செல்போன் காப்புரிமைப் போர்களின் அரசியல்

2013ஆம் ஆண்டு, இரண்டு மாத இடைவெளியில் அமெரிக்க அரசு இரண்டு முடிவுகளை எடுத்தது. ஆப்பிள் நிறுவனத்தின் சில பழைய ஐபோன், ஐபேட் மாடல்களை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு தடை விதிக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 3 அன்று ஒபாமா நிர்வாகம் அதை ரத்து செய்தது. சாம்சங் நிறுவனத்தின் சில பழைய போன்கள் மீதும் அதே போன்ற தடை வந்தது. அக்டோபர் 8 அன்று அதை ரத்து செய்ய அதே நிர்வாகம் மறுத்துவிட்டது. இரண்டு தடைகளையும் விதித்தது ஒரே ஆணையம். சட்டப்பிரிவும் ஒன்றே. குற்றச்சாட்டும் ஒன்றே: அடுத்தவரின் காப்புரிமையை மீறியது. ஆப்பிள் அமெரிக்க நிறுவனம், சாம்சங் தென்கொரிய நிறுவனம்.

இதைப் பார்த்து "தன் ஊர்க்காரனுக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயம்" என்று அன்று பலரும் சொன்னார்கள். அது முழு உண்மையா, பாதி உண்மையா என்று அறிய, காப்புரிமை என்றால் என்ன, அது எப்படிப் பெரிய நிறுவனங்களின் ஆயுதமானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் வீடுகளில் குழந்தை முதல் பாட்டி வரை எல்லோர் கையிலும் இருக்கும் பொருளைப் பற்றிய விஷயம் இது. அதன் விலையில் ஒரு பகுதி யாருக்குப் போகிறது என்பதும் இதில் அடங்கும்.

காப்புரிமை என்னும் ஒப்பந்தம்

ஆங்கிலத்தில் பேட்டன்ட் என்பதையே இங்கே காப்புரிமை என்கிறோம். புத்தகம், பாடல், படம் ஆகியவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை, அது வேறு. காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கானது. அரசும் கண்டுபிடிப்பாளரும் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கல் என்று இதைச் சொல்லலாம். கண்டுபிடிப்பாளர் தன் ரகசியத்தை மறைக்காமல், அந்தத் துறையில் தேர்ந்த ஒருவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்கு எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்கு அரசு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அவர் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று உறுதி தருகிறது. காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

ஏற்பாடு நியாயமானதுதான். ஒருவர் பத்து ஆண்டு உழைத்து ஒரு கருவியைச் செய்ய, மறுநாளே ஒரு பணக்காரர் அதைப் பார்த்துப் பத்தாயிரம் செய்து விற்றால் உழைத்தவருக்கு என்ன மிச்சம்?

ஆனால் ஒரு மருந்துக்கு ஒன்றோ சிலவோ காப்புரிமைகள் இருக்கும். ஒரு ஸ்மார்ட்போனில் பல்லாயிரம் இருக்கும். அலைவரிசையைப் பிடிப்பது, படத்தைச் சுருக்குவது, விரலால் திரையை நகர்த்துவது, மூலைகள் வளைந்திருப்பது என ஒவ்வொன்றின் மீதும் யாரோ ஒருவர் உரிமை கொண்டாட முடியும். எல்லா உரிமையாளர்களிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஒரு போனைச் செய்வது நடைமுறையில் முடியாத காரியம். அதனால் பெரிய நிறுவனங்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. "நீ என் மீது வழக்குப் போட்டால், நான் உன் மீது பத்து வழக்குப் போடுவேன்" என்று மிரட்டும் அளவுக்குக் காப்புரிமைகளைக் குவித்துக்கொள்வதுதான் அது.

இந்தக் குவிப்பு எந்த அளவுக்குப் போனது என்பதற்கு நார்டெல் ஏலம் நல்ல உதாரணம். கனடாவின் நார்டெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் திவாலானது. அதன் சுமார் 6,000 காப்புரிமைகள் 2011இல் ஏலத்துக்கு வந்தன. கூகுள் 90 கோடி டாலரில் கேட்கத் தொடங்கியது. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி, எரிக்சன் உள்ளிட்டவை கூட்டுச் சேர்ந்து 450 கோடி டாலருக்கு எடுத்தன. ஏலத்தின் நடுவே கூகுள் கணித மாறிலிகளைக் கொண்டு விலை கேட்டதாகவும், ஒரு கட்டத்தில் 'பை'யின் மதிப்பான 3.14159ஐ நூறு கோடிகளில் கேட்டதாகவும் செய்திகள் வந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்த ஒரு நிறுவனத்தின் சொத்துகளை ஏலம் எடுக்கும்போது இந்த விளையாட்டு!

தோற்ற கூகுள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மோட்டரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அந்த நிறுவனத்திடம் சுமார் 17,000 காப்புரிமைகள் இருந்தன. மூன்று ஆண்டு கூட ஆகாமல், போன் தயாரிக்கும் தொழிலை மட்டும் லெனோவாவுக்கு 291 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. காப்புரிமைகளில் பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2011இல் ஆப்பிளும் கூகுளும் புதிய பொருட்களுக்கான ஆராய்ச்சியை விடக் காப்புரிமை வழக்குகளுக்கும் காப்புரிமை வாங்குவதற்குமே அதிகம் செலவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் மறு ஆண்டு எழுதியது. கண்டுபிடிப்பை ஊக்குவிக்க வந்த சட்டம் கண்டுபிடிப்புக்கான பணத்தையே தின்ன ஆரம்பித்துவிட்டது.

ஆப்பிளும் சாம்சங்கும்

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகம் செய்த மேடையிலேயே, இதற்கெல்லாம் காப்புரிமை வாங்கியிருக்கிறோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பெருமையுடன் சொன்னார். 2011 ஏப்ரலில் ஆப்பிள் சாம்சங் மீது கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. ஐபோனின் உள்ளே இருந்த முக்கிய சிப்புகளைத் தயாரித்துக் கொடுத்ததும் அதே சாம்சங்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கையால் சரக்கு வாங்கிக்கொண்டே மறு கையால் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். ஒரு வாரத்திற்குள் சாம்சங் சியோல், டோக்கியோ, ஜெர்மனியின் மன்ஹைம் ஆகிய ஊர்களில் பதில் வழக்குப் போட்டது.

2012 ஆகஸ்ட் 24 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி, சாம்சங் சுமார் 105 கோடி டாலர் தர வேண்டும் என்றது. அதே தேதியில் சியோல் நீதிமன்றம், இரு தரப்பும் ஒன்றை ஒன்று மீறியிருக்கின்றன என்று கூறி இருவருக்கும் சொற்பத் தொகையை அபராதமாக விதித்தது. அடுத்த வாரம் டோக்கியோ நீதிமன்றம் சாம்சங் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே ஜூலையில் லண்டன் நீதிமன்றம், சாம்சங் டேப்லெட் ஐபேடைப் போல இல்லை என்று சொல்லிவிட்டது. அதை ஆப்பிள் தன் இணையதளத்திலேயே அறிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆப்பிள் அந்த அறிவிப்பை, மற்ற நாடுகளில் தான் ஜெயித்த கதையையும் சேர்த்து எழுதிப் போட, நீதிபதிகள் கோபப்பட்டு மாற்றி எழுதச் சொன்னார்கள்.

ஒவ்வொரு நாட்டிலும் காப்புரிமைகள் வேறு, சட்டமும் வேறு; ஆகவே தீர்ப்புகள் வேறுபடுவதில் வியப்பில்லை என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனாலும் மிகப் பெரிய தொகை ஆப்பிளின் தலைமையகத்துக்குப் பக்கத்து நீதிமன்றத்தில்தான் விதிக்கப்பட்டது என்பதைப் பொதுமக்கள் கவனிக்கத்தான் செய்தார்கள்.

அந்தத் தொகை ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? இதற்குப் பின்னால் ஒரு கம்பளக் கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் டாப்சன் என்ற கம்பளத் தயாரிப்பாளர்கள் வேறொரு நிறுவனத்தின் பூவேலை வடிவத்தைப் பார்த்து நெய்து விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கம்பளம் விற்றதில் கிடைத்த லாபத்தில் எவ்வளவு அந்த வடிவத்தால் வந்தது என்று நிரூபிக்க முடியவில்லை என்பதால், 1885இல் நீதிமன்றம் பெயரளவுக்கு வெறும் 6 சென்ட் கொடுக்கச் சொன்னது. நெசவு முதலாளிகள் கொதித்தார்கள். 1887இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: வடிவமைப்பைத் திருடினால், அந்தப் பொருளில் கிடைத்த முழு லாபத்தையும் கொடுத்துவிட வேண்டும்.

கம்பளத்துக்கு அது பொருந்தும். பூவேலைக்காகத்தான் கம்பளத்தை வாங்குகிறார்கள். போனை யாராவது வளைந்த மூலைக்காக மட்டும் வாங்குவார்களா? ஆனால் அந்தப் பழைய சட்டத்தின் வாசகத்தைக் கொண்டுதான் சாம்சங்கிடமிருந்து முழுப் போனின் லாபம் கேட்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பின் வடிவமைப்புக்கான தொகையாக எஞ்சிய 39.9 கோடி டாலர் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2016 டிசம்பர் 6 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, 'பொருள்' என்பது முழுப் போனாகவும் இருக்கலாம், அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். எப்படிப் பிரித்துக் கணக்கிடுவது என்று சொல்லவில்லை. 2018 மே மாதம் புதிய ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதமே இருவரும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகிவிட்டார்கள். என்ன தொகைக்கு என்று வெளியிடவில்லை. ஏழு ஆண்டுச் சண்டையின் நடுவில் அந்த மாடல் போன்களெல்லாம் கடையை விட்டே போய்விட்டன.

திரையை விரலால் தள்ளித் திறக்கும் முறைக்கும் தனி வழக்கு நடந்தது. அமெரிக்காவில் ஆப்பிள் வென்றது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமோ 2015இல் அந்தக் காப்புரிமையே செல்லாது என்றது. ஐபோனுக்கு முன்பே நியோநோடு என்ற ஸ்வீடன் நாட்டு நிறுவனத்தின் போனில் அது போன்ற வசதி இருந்திருக்கிறது.

தடையும் ரத்தும்

இப்போது 2013க்கு வருவோம். அமெரிக்காவில் நீதிமன்றத்தைத் தவிர இன்னொரு வாசலும் உண்டு. சர்வதேச வர்த்தக ஆணையம் என்பது அதன் பெயர். 1930ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 337ஆம் பிரிவின்படி, காப்புரிமையை மீறிய பொருள் நாட்டுக்குள் வராமல் அது தடுக்கலாம். நஷ்டஈடு வாங்கித் தர அதற்கு அதிகாரம் இல்லை. ஆனால் போன்கள் எல்லாம் ஆசியாவில் தயாராகி வருவதால், துறைமுகத்தில் தடுப்பது நஷ்டஈட்டை விடப் பெரிய அடி. இந்த உத்தரவு அதிபரின் மேஜைக்குப் போகும். பொது நலன் கருதி 60 நாளுக்குள் அவர் அதை ரத்து செய்யலாம். அரசியல் உள்ளே நுழைய சட்டமே வைத்திருக்கும் கதவு இது.

2013 ஜூன் மாதம், சாம்சங்கின் 3ஜி தொழில்நுட்பக் காப்புரிமையை ஆப்பிள் மீறியதாகக் கூறி ஆணையம் தடை விதித்தது. ஒபாமாவின் வர்த்தகப் பிரதிநிதி மைக்கேல் ஃப்ரோமன் அதை ரத்து செய்து கடிதம் எழுதினார். 1987க்குப் பிறகு ஓர் அமெரிக்க நிர்வாகம் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது அதுதான் முதல் முறை. தென்கொரிய அரசு கவலை தெரிவித்தது. ஆறு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, அதே ஆணையம் ஆப்பிளின் இரண்டு காப்புரிமைகளை மீறியதற்காக சாம்சங் மீது தடை விதித்தது. அதை ஒபாமா நிர்வாகம் அப்படியே விட்டுவிட்டது.

ஃப்ரோமன் சொன்ன காரணம் வெறும் சாக்கு அல்ல. சாம்சங்கின் காப்புரிமை 'தரநிலை'யைச் சேர்ந்தது. உலகில் எந்த போனும் எந்த டவரோடும் பேச வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே தரநிலையைப் பின்பற்ற வேண்டும். அந்தத் தரநிலைக்குள் தன் கண்டுபிடிப்பைச் சேர்க்கும் நிறுவனம், நியாயமான கட்டணத்தில், பாகுபாடு இல்லாமல் எல்லோருக்கும் தருவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டுத் தடை கேட்பது முறையல்ல என்பதே வாதம். ஆப்பிளின் காப்புரிமைகள் அப்படிப்பட்டவை அல்ல; அவற்றைத் தவிர்த்து வேறு விதமாகப் போன் செய்யலாம். சட்டப்படி இந்த வேறுபாடு உண்மையானதே.

ஆனால் கேள்வி வேறு. பாதிக்கப்பட்டது கொரிய நிறுவனமாகவும் உரிமை கேட்டது அமெரிக்க நிறுவனமாகவும் இருந்து, அதே தரநிலைக் காப்புரிமை விவகாரம் வந்திருந்தால் அதிபர் பேனாவை எடுத்திருப்பாரா? 26 ஆண்டுகளாக எடுக்காத பேனா அது. இதற்கு யாரும் நிரூபணத்தோடு பதில் சொல்ல முடியாது. ஆனாலும் பின்னால் நடந்த குவால்காம் விவகாரம் ஒரு குறிப்பைத் தருகிறது என்பது நம் கருத்து.

குவால்காம் அமெரிக்க நிறுவனம். தரநிலைக் காப்புரிமைகளில் முன்னணியில் இருப்பது. காப்புரிமைக் கட்டணத்துக்குச் சம்மதித்தால்தான் சிப் தருவேன் என்று அது போன் நிறுவனங்களை நெருக்கியதாக அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பே வழக்குப் போட்டது. ஆப்பிள்–சாம்சங் வழக்கை விசாரித்த அதே நீதிபதி லூசி கோ, 2019 மே மாதம் குவால்காமுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அப்போது அமெரிக்க நீதித்துறை அமைச்சகம், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆதரவோடு, தன் அரசின் இன்னோர் அமைப்புக்கு எதிராகவே நீதிமன்றத்துக்குப் போனது. குவால்காம் பலவீனமானால் 5ஜியில் சீனா முந்திவிடும், தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது அவர்கள் வாதம். 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோவின் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்கு முன் 2018 மார்ச்சில், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பிராட்காம் குவால்காமை வாங்க முயன்றபோது, அதிபர் டிரம்ப் நேரடியாகத் தடுத்தார். தரநிலைக் காப்புரிமையை வைத்து நெருக்குவது கொரிய நிறுவனத்தின் கையில் இருந்தபோது பொது நலனுக்குக் கேடு. சொந்த நிறுவனத்தின் கையில் வந்தபோது தேசப் பாதுகாப்பு.

இதை வைத்து ஆப்பிள் எப்போதும் காப்பாற்றப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. மாசிமோ என்ற அமெரிக்க மருத்துவக் கருவி நிறுவனம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் தன் தொழில்நுட்பத்தை ஆப்பிள் வாட்ச் மீறியதாக அதே ஆணையத்துக்குப் போனது. 2023 டிசம்பரில் பைடன் நிர்வாகம் தடையை ரத்து செய்யவில்லை. 2024 ஜனவரியில் அந்த வசதியை நீக்கிவிட்டுத்தான் ஆப்பிள் அமெரிக்காவில் புதிய வாட்ச்களை விற்றது. அங்கே இரு தரப்பும் அமெரிக்கர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கல் நட்டவரும் உழுதவரும்

இத்தகைய உரிமை மார்க்கச் சட்டத்தில் சொத்தாகுமா என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. ஹனஃபி மத்ஹபின் முற்கால அறிஞர்கள் 'மால்' என்பதைப் பெரும்பாலும் கையில் எடுத்துச் சேமிக்கக்கூடிய பொருளாகவே கண்டார்கள். ஷாஃபிஈ உள்ளிட்ட மற்ற மத்ஹபுகளில் பயன்பாடும் சொத்தாகக் கருதப்பட்டது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயர், நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை ஆகியவை மதிப்புள்ள உரிமைகள், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானம் போட்டது. ஆகவே கண்டுபிடித்தவரின் உரிமையை மதிப்பதில் இன்று பெரிய தயக்கம் இல்லை.

ஆனால் ஃபிக்ஹில் இன்னொரு பாடமும் உண்டு. தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அது சொந்தம். வெறுமனே நான்கு பக்கமும் கல் நட்டு எல்லை காட்டுவதற்கு 'தஹ்ஜீர்' என்று பெயர். கல் நட்டவருக்கு முன்னுரிமை மட்டுமே உண்டு. மூன்று ஆண்டுகள் பயிரிடாமல் போட்டு வைத்தால் அதற்குப் பின் அவருக்கு உரிமை இல்லை என்று உமர் (ரலி) அவர்கள் முடிவு செய்ததை இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நார்டெல் காப்புரிமைகள் நினைவுக்கு வரும். அவற்றை வாங்கிய கூட்டு, ராக்ஸ்டார் என்று ஒரு நிறுவனத்தை உருவாக்கியது. அது எந்தப் பொருளும் செய்யவில்லை. 2013இல் கூகுள் மீதும் ஆண்ட்ராய்டு நிறுவனங்கள் மீதும் டெக்சாஸில் வழக்குப் போட்டதுதான் அது பிரபலமாகச் செய்த வேலை. இப்படிப்பட்ட நிறுவனங்கள் விரும்பிச் சென்ற டெக்சாஸின் மார்ஷல் என்ற சிற்றூரில், அடிக்கடி வழக்கில் சிக்கிய சாம்சங், நீதிமன்றத்துக்கு அருகிலேயே ஊர் மக்களுக்காகப் பனிச்சறுக்குத் திடலுக்குப் பணம் கொடுத்தது. ஜூரிகள் அந்த ஊர்ப் பகுதியிலிருந்துதான் வருவார்கள்!

நம் நாட்டில்

கல் நட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை இந்தியா முன்பே அனுபவித்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் மத்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இந்தியக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டினர் கையில் இருப்பதையும், அவற்றை வைத்து இங்கே தொழில் செய்யாமல் சந்தையை மட்டும் பிடித்துவைத்திருப்பதையும் சுட்டிக்காட்டினார். அந்த அறிக்கையிலிருந்துதான் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிறந்தது. காப்புரிமை பெற்றவர் அது இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கிறதா என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. மென்பொருளை மட்டும் தனியாகக் காப்புரிமை செய்ய முடியாது என்கிறது இதன் 3(கே) பிரிவு. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வந்து கைவிடப்பட்டது.

ஆனாலும் காப்புரிமை அரசியலின் விலையை நேரில் கண்டது ஸ்ரீபெரும்புதூர். 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலை பார்த்தார்கள். அந்த நிறுவனம் தன் ஃபின்லாந்து தலைமையகத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணம் ராயல்டியா, அதற்கு வரி பிடித்திருக்க வேண்டுமா என்று 2013இல் வருமான வரித்துறை கேட்டது. அந்த வழக்கால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

போன் தொழிலை விற்ற நோக்கியா, காப்புரிமைகளை விற்கவில்லை. 2017இல் ஆப்பிளோடு வழக்கு சமரசமானபோது முன்பணமாக மட்டும் அதற்கு 170 கோடி யூரோ வந்தது. 2022இல் ஜெர்மனியில் ஓப்போவும் ஒன்பிளஸும் விற்பனையை நிறுத்த நேர்ந்ததும் நோக்கியா போட்ட காப்புரிமை வழக்கால்தான். போனைச் செய்த கைகள் வீட்டுக்குப் போயின. காகிதத்தில் இருந்த உரிமை இன்றும் சம்பாதிக்கிறது.

விலை குறைந்த போன் வாங்கும் குடும்பங்களைத் தொடும் வழக்கு டெல்லியில் நடந்தது. 2013இல் எரிக்சன், மைக்ரோமேக்ஸ் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மறு ஆண்டு டிசம்பரில் ஷியோமியின் விற்பனை சில நாட்கள் நின்றதும் எரிக்சன் வழக்கால்தான். இந்த வழக்குகளின் மையக் கேள்வி, ராயல்டியைச் சிப்பின் விலையில் கணக்கிடுவதா, முழுப் போனின் விலையிலா என்பது. 1887ஆம் ஆண்டுக் கம்பளக் கேள்வியேதான். முழுப் போனின் விலையில் கணக்கிட்டால், நல்ல கேமராவும் பெரிய திரையும் வைத்ததற்காகவும் டவர் தொழில்நுட்பக்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். 2024 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், இந்திய நிறுவனமான லாவா எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. முழுப் போனின் விற்பனை விலையை வைத்தே அது கணக்கிடப்பட்டது. எரிக்சன் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதா என்று விசாரிக்க முயன்ற இந்தியப் போட்டி ஆணையத்துக்கும், அந்த அதிகாரம் இல்லை என்று 2023 ஜூலையில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு தகவல். காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. யோசனை முழுமையாகாவிட்டாலும் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பதிவு செய்துகொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரிக் கண்காட்சியிலோ யூடியூபிலோ செயல்முறையை விளக்கிவிட்டால், அது ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்ததாகிவிடும். சில விதிவிலக்குகள் தவிர, பிறகு காப்புரிமை கிடைக்காது. அதே போல, வேறொருவர் கேட்டிருக்கும் காப்புரிமை புதியதல்ல என்று உங்கள் பிள்ளைக்குத் தெரிந்தால், அது வழங்கப்படுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் ஆதாரத்தோடு எதிர்ப்பு மனு கொடுக்க இந்தியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது.